மறுபடி கொதிக்க வைத்தால் போதுமா? மீந்த உணவும் மொத்தச் சமையலும்

கேள்வி இதுதான்: மீந்துபோன சாப்பாட்டை மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் கிருமியெல்லாம் செத்துப்போகும், பயமில்லை என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் சுடச்சுடப் பரிமாறிய சாப்பாட்டிலும் ஒரே நேரத்தில் பல பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது எப்படி? வீட்டிலும், நூறு பேருக்குச் சமைக்கிற இடத்திலும் எதைக் கவனிக்க வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், கொதிக்க வைப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. கொதிக்கும் வெப்பம் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இரண்டு விஷயங்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்று, சில பாக்டீரியாக்கள் தடித்த உறைக்குள் சுருண்டு உறங்கும் நிலை; இதை ஸ்போர் என்பார்கள். இன்னொன்று, பாக்டீரியா சாவதற்கு முன்பே உணவில் சுரந்து வைத்துவிட்ட சில வகை நச்சு. இந்த இரண்டும் எப்போது ஆபத்தாகின்றன என்பது, சமைத்து முடித்ததிலிருந்து சாப்பிடும் வரை அந்த உணவு எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. சமைக்கும்போது அக்கறையாக இருப்பவர்கள்கூட அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அசந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது அங்கேதான்.

ஒரு பெரிய பாத்திரத்தில் இறைச்சிக் குழம்பு கொதித்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருப்பது சாதாரணம். கொதித்தபோது அவை சாகவில்லை. உண்மையில் அந்தச் சூடு அவற்றை உறக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. கொதித்ததில் குழம்பிலிருந்த ஆக்ஸிஜனும் வெளியேறிவிட்டது. ஆக்ஸிஜன் இல்லாத இடம்தான் இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த இடம். போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளும் வெந்து செத்துவிட்டன. இப்போது மூடி போட்டு ஓரமாக வைத்துவிடுகிறோம். மேற்புறமும் பாத்திரத்தின் ஓரமும் சீக்கிரம் ஆறிவிடும். நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இந்தப் பாக்டீரியா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. ஒரு கிராமில் வெறும் பத்து இருந்தால்கூட, மூன்று மணி நேரத்தில் 18 முறை இரட்டித்து 26 லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த எண்ணிக்கையில் உள்ளே போனால், குடலில் அவை மறுபடி ஸ்போராக மாறும்போது நச்சை வெளிவிடுகின்றன. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதியாகும். பெரும்பாலும் வாந்தியும் காய்ச்சலும் இருக்காது.

இந்த ஒரு பாக்டீரியாவைப் பொறுத்தவரை, பரிமாறும் முன் முழுவதுமாகச் சூடாக்கினால் பெருகியவை செத்துப்போகும், தப்பிக்கலாம். ஆனால் நடைமுறையில் பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்து ஓரத்தில் கொப்புளம் வந்ததும் 'சூடாகிவிட்டது' என்று இறக்கிவிடுகிறார்கள். நடுவில் அப்போதும் 50 டிகிரிதான் இருக்கும். கிளறி, நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்க்காதவரை அது தெரியவே தெரியாது.

சோற்றில் விஷயம் வேறு. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருக்கும். வேகும்போது தப்பிப் பிழைத்து, சோறு வெளியே கிடக்கும் நேரத்தில் முளைத்து வளர்ந்து, செரியுலைடு என்ற நச்சைச் சுரக்கும். இந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. அதாவது வறுத்தாலும், ஆவியில் சூடாக்கினாலும், மைக்ரோவேவில் வைத்தாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கும். இரவு முழுதும் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் என்ன செய்தும் மீட்க முடியாது என்று சொல்வது இதனால்தான். மாவுச்சத்து நிறைந்த மற்ற உணவுகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது வருவது அரிசியிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ அல்ல, பெரும்பாலும் சமைப்பவரிடமிருந்து. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பலரின் மூக்கிலும் தோலிலும் இது குடியிருக்கிறது. விரலில் சீழ் பிடித்த சிறு புண் இருந்தால் இன்னும் அதிகம். வேகவைத்த உணவைக் கையால் பிசைந்தோ, உரித்தோ, துண்டாக்கியோ வைக்கும்போது உணவுக்குள் இறங்குகிறது. உப்பு அதிகமுள்ள உணவிலும் வளரும். சில மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தால் நச்சு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் கொதித்தாலும் பாக்டீரியா சாகுமே தவிர நச்சு போகாது. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் நீர் புகாத ஒட்டுப்பட்டை போட்டு, அதன்மேல் கையுறையும் போட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இந்த மூன்றிலும் உணவின் வாடையோ ருசியோ நிறமோ மாறாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உணவை ஊசிப்போகச் செய்யும் நுண்ணுயிரிகள் வேறு, நோய் தருபவை வேறு. முகர்ந்து பார்த்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று முடிவெடுப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ருசி பார்த்துச் சோதிப்பதும் அப்படியே.

இனி எண்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் ஆபத்தான பகுதி. சமைத்த உணவு அந்தப் பகுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சூடாகவே பரிமாறப் போகிறீர்கள் என்றால் 60 டிகிரிக்குக் குறையாமல் பிடித்து வையுங்கள். பிறகு சாப்பிட என்றால், உணவகங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு சொல்லும் இரண்டு கட்டக் கணக்கு நல்ல அளவுகோல்: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குள். முதல் கட்டத்துக்கு ஏன் குறைந்த நேரம் என்றால், வேகமாக இரட்டிக்கும் சூடுகள் எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

ஒரு பெரிய பாத்திரம் தானாக இந்தக் கணக்குக்குள் ஆறாது. கெட்டியான உணவில் வெப்பம் உள்ளிருந்து வெளியே நகர ஆகும் நேரம் ஆழத்தின் இருமடிப்படி கூடும்: ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே ஆழத்தைக் குறைப்பதுதான் எல்லா வழிகளிலும் சிறந்த வழி. இறக்கியதும் அகலமான தட்டையான பாத்திரங்களில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். எவர்சில்வர் அல்லது அலுமினியம் நல்லது. தடித்த பிளாஸ்டிக் வெப்பத்தை விடாது. குழம்பு, சாறு போன்றவற்றுக்கு, பாத்திரத்தை அதைவிடப் பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்புங்கள். வெறும் பனிக்கட்டி மட்டும் போட்டால் துண்டுகளுக்கிடையே காற்று நின்றுவிடும். தண்ணீர் கலந்தால்தான் பாத்திரத்தின் பக்கங்கள் முழுவதும் தொடும். வெளியே இருக்கும் பனிநீரின் மட்டம் உள்ளே இருக்கும் உணவின் மட்டத்துக்கு வர வேண்டும். சுத்தமான நீளக் கரண்டியால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து கிளறுங்கள். பனிக்கட்டி உருகினால் மாற்றுங்கள். ஆறும்வரை மூடியை இறுக்க வேண்டாம், தூசியும் பூச்சியும் விழாதபடி லேசாக மூடினால் போதும். பெரிய இறைச்சித் துண்டுகளாக இருந்தால் சிறிதாக வெட்டி ஆற வையுங்கள். சோற்றைக் குவியலாக விடாமல் தட்டில் பரப்பிவிடுங்கள்.

சூடான பொருளை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நம்பி இரவு முழுதும் வெளியே ஆற வைப்பவர்கள் ஏராளம். சிறு பாத்திரங்களில் பிரித்த, ஆவி அடங்கிய உணவைத் தாராளமாக உள்ளே வைக்கலாம். வைக்கக் கூடாதது முழுப் பெரிய பாத்திரம்: அது தானும் ஆறாது, உள்ளே இருக்கும் பால், இறைச்சி எல்லாவற்றின் சூட்டையும் ஏற்றிவிடும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கதவிலுள்ள 1, 2, 3 என்ற எண்களை நம்பாதீர்கள், அவை டிகிரி அல்ல. ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுதும் வைத்துக் காலையில் பாருங்கள்.

வெப்பமானி என்று சொல்லும்போதே இன்னொன்று. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். மொத்தச் சமையல் நடக்கும் இடத்தில் அது இல்லாமல் இருப்பதற்குச் சமாதானமே கிடையாது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு தம்ளர் நிறையப் பொடித்த பனிக்கட்டியும் மூழ்கும் அளவு தண்ணீரும் சேர்த்துக் கலக்கி, முனை பக்கங்களிலோ அடியிலோ படாமல் அரை நிமிடம் பிடியுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் திருத்துங்கள் அல்லது மாற்றுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னும் பின்னும் முனையைக் கழுவித் துடைக்காவிட்டால், பச்சை இறைச்சியில் இருந்ததை வெந்த உணவுக்குள் நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்.

மறுபடி சூடாக்கும்போது எல்லாப் பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும், அதுவும் சீக்கிரமாக. பரிமாறும் இடத்தில் உணவைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியிலோ வெந்நீர்த் தொட்டியிலோ குளிர்ந்த உணவை வைத்துச் சூடாக்குவது மிகப் பெரிய தவறு. அவை இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் லாயக்கு, ஏற்ற அல்ல. உணவு ஆபத்துப் பகுதிக்குள் நிதானமாக மணிக்கணக்கில் ஏறிப் போகும். மைக்ரோவேவில் சில இடம் கொதிக்கும், பக்கத்திலேயே குளிர்ந்து கிடக்கும். மூடி வைத்து, பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். எவ்வளவு சாப்பிடப் போகிறீர்களோ அதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். முழுவதையும் சூடாக்கி மீந்ததை மறுபடி உள்ளே வைப்பது இன்னொரு முறை ஆபத்துப் பகுதியைக் கடக்க வைப்பது. மீந்ததை மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

முதல் சமையலுக்கு வருவோம். கோழி 74 டிகிரி, கொத்திய இறைச்சி 71 டிகிரி நடுவில் எட்ட வேண்டும். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வெளியே வெந்தாலே செத்துவிடும். கொத்தும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத கொத்திறைச்சி ஹாம்பர்கரிலிருந்த ஈ.கோலை ஓ157 கிருமியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். வெளியே வறுபட்டு நிறம் மாறிவிட்டதால் உள்ளேயும் வெந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உறைந்த இறைச்சியை முழுதாக உருக வைக்காமல் சமைத்தாலும் இதே கதைதான். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே உருக வையுங்கள். அவசரமென்றால் கசியாத பையில் போட்டு, குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். மேடையில் விட்டுவிட்டால் நடுப்பகுதி உருகுவதற்குள் வெளிப்புறத்தில் கிருமி பெருகிவிடும். உறைய வைப்பது பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

பச்சைக் கோழியைக் குழாயில் கழுவாதீர்கள். கழுவுவதால் கிருமி போகாது. தெறிக்கும் துளிகள் தொட்டியிலும் மேடையிலும் பக்கத்திலிருக்கும் காய்களிலும் படியும். வெப்பம் செய்யும் வேலையைத் தண்ணீர் செய்யாது. பச்சை இறைச்சிக்குத் தனி வெட்டுப்பலகை, தனிக் கத்தி. ஃப்ரிட்ஜில் வெந்ததும் நேரடியாகச் சாப்பிடுவதும் மேலே, பச்சை இறைச்சியும் மீனும் கசியாத பாத்திரத்தில் எல்லாவற்றுக்கும் கீழே. வேகவைக்காமல் சாப்பிடப் போகிற பொருளில்தான் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு காப்பாற்ற வெப்பம் வரப்போவதில்லை. முளைகட்டிய தானியம் இதில் தனி ரகம். முளைக்க வைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் உகந்தவை. 2011-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை ஓ104 நோய்க்கு முளைகட்டிய வெந்தயம்தான் காரணமென்று கண்டறியப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முளைகட்டியதை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

இதே நான்கு பிரிவினருக்கு லிஸ்டீரியாவும் கொடியது. ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரும் பாக்டீரியா அது. 2017, 2018-இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பரவி, 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலாக வந்துபோனாலும் கருவைப் பறித்துவிடும். பதப்படுத்திய இறைச்சியை அவர்கள் ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும்; காய்ச்சாத பாலும் அதில் செய்த பாலாடைக்கட்டியும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி கிருமியோ நச்சோ கலந்த உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

அடுத்து, சமைப்பவர் உடல்நிலை. வாந்தியும் பேதியும் தரும் நோரோ வைரஸ் உணவில் பெருகுவதில்லை. ஆனால் மிகச் சில துகள்கள் போதும், நோய் தொற்றிவிடும். வாந்தியோ பேதியோ உள்ளவர் சமையலறைக்குள் வரக் கூடாது, அறிகுறி நின்று 48 மணி நேரம் கழிந்த பிறகுதான் வரலாம். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கிற இடத்தில் யாரும் வயிற்றுப்போக்கை வெளியே சொல்ல மாட்டார்கள். நோய்க்கால விடுப்புக்குச் சம்பளம் கொடுப்பது உணவுப் பாதுகாப்புச் செலவிலேயே சேர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. கை கழுவ சோப்பும் ஓடும் நீரும்தான், 20 விநாடி, நகக்கண்ணும் விரலிடுக்கும் சேர்த்து. சானிடைசர் இந்த வைரஸுக்கு எதிராகப் பலவீனமானது. யாராவது வாந்தி எடுத்த இடத்தில், துடைத்தெடுத்த பின், 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லியைத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி ஊற்றி, குறைந்தது ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அங்கே மூடாமல் இருந்த உணவைக் கொட்டிவிடுங்கள். கழுவிய மேடைக்கும் பலகைக்கும் அன்றாடம் லிட்டருக்கு 4 மில்லி போதும். பிளீச்சோடு அமிலமோ அமோனியாவோ கலந்த துப்புரவுத் திரவத்தைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் வந்துவிட்டால், முதல் வேலை நீர்ச்சத்தைக் காப்பது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்தே போடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, சிறுகச் சிறுகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், 39 டிகிரியைத் தொடும் காய்ச்சல், மூன்று நாளைத் தாண்டிய பேதி, எதுவும் உள்ளே தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, தசை தளர்வது நரம்புகளை முடக்கும் போட்டுலிச நச்சாக இருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு. இரத்தபேதியில் பேதியை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாடிக்கையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஈ.கோலை ஓ157-ஆக இருந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிக்கலுக்கு அது வழி திறக்கலாம்.

ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு பேரோ அதற்கு மேலோ நோயுற்றால் சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள். கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள், பல நேரம் அது தவறு. ஸ்டாஃபைலோகாக்கஸ் சில மணி நேரத்தில் தாக்கும், நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில், காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா இரண்டு முதல் ஐந்து நாளில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சராசரியாக நான்கு வாரத்தில். ஆகவே நோய் வருவதற்கு முந்தைய குறைந்தது மூன்று நாட்களில் யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், நோய் வராதவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி எத்தனை மணிக்கு என்பதை மறப்பதற்குள் எழுதி வையுங்கள். மீந்த உணவைக் கொட்டாமல் சுத்தமான பாத்திரத்தில் மூடி, 'சாப்பிடக் கூடாது' என்று எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள்; உறைய வைக்க வேண்டாம், சில கிருமிகளைப் பிறகு கண்டுபிடிப்பது கடினமாகும். மலப் பரிசோதனைக்கான மாதிரியை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடுங்கள். மொத்தச் சமையல் நடக்கும் இடமென்றால், ஒவ்வொரு வேளையும் ஒவ்வோர் உணவிலும் 100 கிராம் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, 5 டிகிரிக்குக் கீழே குறைந்தது மூன்று நாள் வைத்திருக்கும் வழக்கத்தை இன்றே தொடங்கலாம். மாதிரியைப் பரிமாறி முடியும் நேரத்தில், பரிமாறும் பாத்திரத்திலிருந்தே எடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியதும் எடுத்து வைத்தால், இறக்கிய பிறகு நடந்த எதையும் அது காட்டாது.